பெற்றோரின் போராட்டமும் பிள்ளைகளின் போராட்டமும்: பழவேற்காட்டுக் குப்பங்கள் காட்டுவது

சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 அன்று நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 330 ஏக்கரில் இயங்கும் துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கருக்குப் பெருக்குவது, ஆண்டுக்கு 24.6 மில்லியன் டன் சரக்கைக் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்துவது, அதற்காகக் கடலிலேயே ஏறத்தாழ 2,000 ஏக்கரைத் தூர்ப்பது என்பது திட்டம். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் எதிர்த்துத் திரண்டன. சென்னையின் கல்லூரி மாணவர்களும் சூழலியல் இளைஞர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 அன்று நடத்துவதாக மறுபடியும் அறிவிப்பு வந்தது, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.

இத்தகைய எழுச்சிகளைப் பார்த்ததும் ‘புதிய தலைமுறை விழித்துக்கொண்டது’ என்று எழுதுவது நம் பத்திரிகைகளின் வழக்கம். பழவேற்காட்டில் இந்தத் தலைமுறைக்கு முன்னால் விழித்திருந்த தலைமுறைகள் பல உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் ஆகிய ஊர்களில் ஏதோ ஒரு மறியலுக்கோ மனுவுக்கோ போய் வராத பெரியவரைக் காண்பது அரிது. அப்படியானால் பெற்றோரின் போராட்டத்திலிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேர்வது என்ன? எந்த வழியாக வருகிறது? எங்கே அறுபடுகிறது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் பிள்ளைகளுக்குக் கைமாறுவது அரசியல் கருத்து அல்ல. ‘இது நம்முடையது, இதைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமையும் பொறுப்பும் உண்டு’ என்ற தகுதியுணர்வுதான் கைமாறுகிறது. அதை வீடு தொடங்கிவைக்கிறது, ஊர் உறுதிப்படுத்துகிறது. ஊர் தளர்ந்தால், வீட்டில் எவ்வளவு பேசினாலும் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆய்வுகள் சொல்வது

1960-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் போராட்டங்கள் வெடித்தபோது இரண்டு விளக்கங்கள் மோதின. இது தந்தையருக்கு எதிரான பிள்ளைகளின் கலகம் என்றார் லூயிஸ் ஃபோயர். போராடிய மாணவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஃப்ளாக்ஸ் 1967-இல் நேர்மாறான முடிவுக்கு வந்தார்: அவர்களில் பெரும்பாலோர் முற்போக்கான பெற்றோரின் பிள்ளைகள், வீட்டில் கற்ற மதிப்பீடுகளைத்தான் அவர்கள் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஃப்ளாக்ஸின் பக்கமே நின்றன.

ஆனால் மதிப்பீடு மட்டும் ஒருவரைப் போராட்டத்துக்கு அழைத்து வந்துவிடுமா? 1964-இல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்காக நூற்றுக்கணக்கான மாணவர்கள் உயிராபத்தைப் பொருட்படுத்தாமல் போனார்கள். விண்ணப்பித்துவிட்டுக் கடைசியில் போகாமல் நின்றவர்களும் இருந்தார்கள். இரு சாராரையும் ஒப்பிட்ட டக் மெக்ஆடம், கொள்கைப் பற்றில் அவர்களுக்கிடையே பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. போனவர்களுக்கு அமைப்புகளில் கூடுதல் தொடர்பும், முந்தைய போராட்ட அனுபவமும், தம்மோடு வரவிருந்த மற்றவர்களுடன் நெருங்கிய உறவும் இருந்தன. நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. கூட வருகிறவர்கள் ஒருவருக்குத்தான் இருந்தார்கள்.

கென்ட் ஜென்னிங்ஸும் ரிச்சர்ட் நீமியும் 1965-இல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே விசாரித்துத் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கட்சிச் சார்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வலுவாக இறங்குகிறது. மற்ற அரசியல் கருத்துகள் அவ்வளவாக இறங்குவதில்லை. 2014-இல் எலியாஸ் டினாஸ் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் சிக்கலாக்கியது. அரசியல் நிறையப் பேசப்படும் வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதில் பெற்றோரின் நிலைப்பாட்டை அப்படியே ஏற்கிறார்கள். வெளியுலகுக்கு வந்தபின் அதை மாற்றிக்கொள்வதற்கும் அவர்களுக்கே வாய்ப்பு அதிகம். பேச்சு அவர்களுக்கு நிலைப்பாட்டோடு விவாதிக்கும் பழக்கத்தையும் தந்துவிடுகிறது.

ஓட்டம் ஒரே திசையில் இருப்பதுமில்லை. வட கரோலினாவில் காலநிலை மாற்றம் குறித்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் அக்கறையை உயர்த்தினார்கள் என்று 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மகள்கள் சொன்னது கூடுதலாக எடுபட்டது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

இந்த ஆய்வுகள் எல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும், தனித்தனி வீடுகளாக வாழும் சமூகங்களில் நடந்தவை. அங்கே அரசியல் சாப்பாட்டு மேசையில் பேசப்படுகிறது. பழவேற்காட்டில் அது ஊர்க் கூட்டத்தில் பேசப்படுகிறது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் இந்த முடிவுகளைக் கடற்கரைக்குக் கொண்டுவர முடியாது.

பாடும் தலைக்கட்டும்

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டப் பொன்னேரி வட்டத்தில். கடலையும் ஏரியையும் பிரித்து நிற்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே முகத்துவாரம். அது திறந்திருந்தால் இறாலும் மடவையும் உள்ளே வரும். மணல் அடைத்தால் ஏரியும் தொழிலும் சேர்ந்து சுருங்கும்.

இந்தத் தென்பகுதியில் பட்டினவர் சாதியினரின் குப்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் முறை ‘பாடு’. இறால் வளமுள்ள இடங்களில் யார், எந்த நாள், எந்த முறைவைப்பில் சுத்துவலை கட்டலாம் என்பதை ஊர்கள் தமக்குள் வகுத்துக்கொள்கின்றன. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இதன் மையம். நல்ல இடம் ஒருவருக்கே வாய்த்துவிடாமல் சுற்றி வரும். அரசுச் சட்டம் எதிலும் எழுதப்படாத இந்த உரிமை பிறப்பால் வருவது, ஆண்வழியே செல்வது. ஊரின் கணக்கில் ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கொடுக்கிறவருக்குத் திருவிழாவில் பங்கு, இழப்பில் உதவி, கூட்டத்தில் பேச்சு.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒலிபெருக்கியில் அழைப்பு வரும். கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள். கிராம நிர்வாகிகள் பொருளைச் சொல்வார்கள்: பக்கத்து ஊரோடு வலைத் தகராறோ, கம்பெனி ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனதோ, கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை பேர் போவது என்பதோ. பேச்சு சூடாகும். இன்னும் தலைக்கட்டு ஆகாத பையன்கள் வட்டத்துக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் முடிவு வரும்: நாளைக்குத் தொழில் கிடையாது, வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும், வராதவருக்குத் தண்டம். மறுநாள் விடியலில் படகுகள் கரையிலேயே கிடக்கும். கரைவேட்டியில் கட்சி நிறம் வேறு வேறாக இருந்தாலும் அன்றைக்கு எல்லாரும் ஊர்க் கட்டுப்பாட்டுக்குள்தான்.

வெளியே நிற்கும் அந்தப் பையனுக்குச் சித்தாந்தம் எதுவும் அங்கே போதிக்கப்படுவதில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் அவனுக்குள் இறங்குகின்றன. நீருக்கு உரிமையாளர்கள் உண்டு, அவர்களில் நாமும் ஒருவர். பிரச்சினை வந்தால் கூடிப் பேச இடம் உண்டு. ஊர் கூப்பிட்டால் போகவேண்டும். மிசிசிப்பிக்குப் போன மாணவர்களுக்கு அமைப்பும் நட்பும் தற்செயலாகக் கிடைத்தன. குப்பத்துப் பையன் அவற்றுக்குள்ளேயே பிறக்கிறான். ஆபத்தான போராட்டத்துக்கு ஆட்களை இழுத்துவரும் வலுவாக மெக்ஆடம் கண்டது இங்கே ஊரின் அன்றாட அமைப்பாகவே இருக்கிறது.

பெற்றோர் தலைமுறையின் கணக்கு

இன்றைய இளைஞர்களின் பெற்றோரும் தாத்தாக்களும் சந்தித்தவற்றை வரிசைப்படுத்தினால் இந்தப் பயிற்சி ஏன் மங்காமல் இருந்தது என்பது புரியும்.

1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா தேர்வானது. 1971 அக்டோபரில் முதல் சோதனை ராக்கெட் பறந்தது. தீவில் இருந்தவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. இன்றும் ஏவுதல் நாள்களில் பழவேற்காட்டுப் படகுகளுக்குக் கடலில் தடை. அதே காலத்தில் விசைப்படகுகள் கரையோரத்தை அரிக்கத் தொடங்கின. கட்டுமர மீனவர்களுக்கும் அவற்றுக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகுதான் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் சிறுதொழில் மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1985 டிசம்பர் 4 அன்று மெரினாவில், அழகுபடுத்தும் பெயரில் படகுகளையும் வலைகளையும் அகற்றுவதை எதிர்த்த மீனவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த இழப்பு சென்னைக் குப்பங்களோடு நிற்கவில்லை. வடக்கே தெற்கே எல்லாக் குப்பங்களும் அதை அறியும்.

1990-களில் இறால் பண்ணைகள் வந்தன. கிழக்குக் கடற்கரை நெடுக அவற்றால் நிலமும் நீரும் உப்பாவதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தன. காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாறியது. 2018-இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. குறுக்கே ஒரு கட்டுமானம் வந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். பழவேற்காடு வடக்கே இருக்கிறது. ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டு அறுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்ற அச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

போராட்ட வரலாறு பாடப்புத்தகத்தில் இல்லை. எந்த ஆண்டில் கரை எதுவரை இருந்தது, எந்தக் கோயிலைக் கடல் கொண்டுபோனது, எந்த மறியலில் யார் கைதானார்கள் என்பதெல்லாம் வலை பொத்தும்போதும் மீன் பிரிக்கும்போதும் பேசப்படுகின்றன. பிள்ளைகளுக்கு இது அரசியல் என்று தோன்றாது. குடும்பக் கதையாகத்தான் வந்து சேர்கிறது. அதனாலேயே அது நிலைக்கிறது. கட்சிக் கருத்தை மறுத்துப் பேசிவிடலாம். தாத்தாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிப்பதை மறுத்துப் பேச முடியாது.

மகன்கள்: அதே போராட்டம், வேறு கருவிகள்

தந்தையரிடம் இரண்டு கருவிகள் இருந்தன: தொழில் நிறுத்தமும் மறியலும். மகன்கள் வளர்ந்த காலத்தில் சட்டம் மாறியிருந்தது. 1991-இல் முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை; 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம்; 2006-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதன்கீழ்க் கருத்துக்கேட்பும்; 2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். சற்றுத் தெற்கே எண்ணூரில், அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பதை மீனவர்களே தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனார்கள். கழிமுகத்தின் பரப்பைக் காட்டும் 1996-ஆம் ஆண்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசின் புதிய வரைபடத்தைக் கேள்வி கேட்டார்கள்.

இங்கே ஓட்டம் திரும்புகிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவது. அதைப் படித்து ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள் படித்த பிள்ளைகள். அதில் உள்ளது சரியா தவறா என்று சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்: எந்த இடத்தில் எந்த மாதம் எந்த மீன் வரும், எங்கே சேறு, எங்கே பாறை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ‘மீன்பிடி இல்லாத பகுதி’ என்று ஓர் அறிக்கை சொன்னால் அதை உடைக்க இரண்டு தலைமுறையும் சேர்ந்து உட்கார வேண்டும். பிள்ளை பெற்றோரைப் பின்தொடர்வது, பெற்றோர் பிள்ளையிடம் கற்பது என்று இதைத் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது.

ஆனால் மகன்கள் பக்கம்தான் முதல் முறிவும் நேர்கிறது. நிலமும் கடலும் போனதற்கு ஈடாகக் கம்பெனியில் வேலை என்பது இந்தக் கரையில் திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி. கிடைத்தது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்கக் கோரி மீனவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். துறைமுகத்தை எதிர்த்த தந்தை, மகனுக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை கேட்கிறார். இதை முரண்பாடு என்று தள்ளிவிட வெளியிலிருப்பவர்களுக்கு உரிமையில்லை. கடல் சுருங்கிய ஊரில் பிள்ளையின் பிழைப்பைக் கேட்பதும் உரிமைப் போராட்டம்தான். அதன் விளைவு மட்டும் வேறு. சம்பளத்தை நம்பும் மகனுக்குத் தொழில் நிறுத்தம் ஆயுதம் ஆகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தடாவுக்கு அருகேயுள்ள ஸ்ரீ சிட்டிக்கும் ஷிஃப்ட் பேருந்தில் போய்வருகிறவர் கூட்டத்து மணலில் உட்கார நேரமில்லாதவர். கருத்தில் அவர் தந்தையோடுதான் இருப்பார். ஊர் என்ற அமைப்புக்குள் அவருடைய இருப்பு மெலிந்துவிடுகிறது. அதோடு போராட்டமும் மெலிகிறது.

மகள்கள்: இடம் இல்லாமலே வந்த மரபு

தலைக்கட்டு ஆணின் பேரில். கூட்டத்து வட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் கலெக்டர் அலுவலகத்தின் முன்னாலோ சாலை மறியலிலோ எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் முன்வரிசையில் பெண்கள். மீனை விற்றுக் காசாக்குகிறவர்கள் அவர்கள். பிடிபடும் மீன் குறைந்தால் கடனை முதலில் சந்திப்பதும் அவர்கள். முடிவெடுக்கும் இடத்தில் இல்லாமல், முடிவின் பாரத்தைச் சுமக்கும் இடத்தில் நிற்கிறார்கள்.

ஆகவே மகள் தாயிடமிருந்து பெறுவது, மகன் தந்தையிடமிருந்து பெறுவதைப் போன்றதல்ல. மகனுக்கு ஓர் இருக்கை காத்திருக்கிறது. மகளுக்குக் கிடைப்பது, இருக்கை இல்லாமலே அதிகாரியிடம் நேருக்கு நேர் பேசும் துணிவு. சுனாமிக்குப் பிறகு பெருகிய சுய உதவிக் குழுக்களும் கல்லூரிப் படிப்பும் அந்தத் துணிவுக்குக் கொஞ்சம் மேடை கொடுத்தன. இருந்தும் மரபான ஊர்ப் பஞ்சாயத்து அவர்களுக்குத் திறக்கவில்லை. மகன்கள் கம்பெனிக்குப் போய் வட்டம் மெலியும் காலத்தில், பேசத் தெரிந்த மகள்களை வெளியே நிறுத்தி வைத்திருப்பது ஊர் தனக்குத் தானே செய்துகொள்ளும் கேடு.

மரபின் நிழல்

போராட்டத்தோடு சேர்ந்து எல்லைக்கோடுகளும் இறங்கிவருகின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாகாது. பாடு உரிமை ஒரு சாதியின் உரிமை. ஏரியில் முழங்கால் நீரில் நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, ஓலைப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்களுக்குப் பாடு முறையில் பங்கில்லை. பட்டியலினக் குடும்பங்களும் இதே ஏரியை நம்பிப் பிழைக்கின்றன, அவர்களுக்கும் இல்லை. வளம் குறையக் குறைய ‘யார் ஏரிக்கு உரியவர்’ என்ற சண்டை கூடுகிறது. ஊரைக் காக்கப் பெற்றோர் நடத்திய போராட்டம் சில வேளை, தங்களைவிட எளியவரை விலக்கும் போராட்டமாகவும் இருந்திருக்கிறது. அதுவும் பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது.

இருளர் பிள்ளைகளுக்குக் கைமாறும் நினைவு வேறு. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்பட்ட குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பல. அவர்களுக்குப் போராட்டம் என்பது ஓர் உரிமையைக் காப்பதல்ல. முதன்முறையாக ஓர் உரிமையைப் பெறுவது. துறைமுக விரிவாக்கம் இந்தப் பிரிவுகளையெல்லாம் ஒரே ஆபத்தின்கீழ்க் கொண்டுவந்தது. டினாஸ் சொன்ன விவாதப் பழக்கம் இங்கே நல்லதாகவே வேலை செய்யக்கூடும்: பெற்றோரின் போராட்டக் குணத்தை ஏற்றுக்கொண்டே அவர்கள் வரைந்த கோட்டைக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் வரவேண்டும்.

அச்சமும் மரபுதான்

போராடிய பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளைப் போராட அனுப்புவதில்லை. ‘நாங்க பட்டது போதும், நீ படிச்சு வேலைக்குப் போ’ என்பதும் அதே வீட்டில் கேட்கிற குரல். காரணம் வழக்கு. கூடங்குளத்தில் அணுஉலையை எதிர்த்த இடிந்தகரை மக்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவு உட்பட வழக்குகள் போடப்பட்டன. அவற்றைத் திரும்பப்பெற முயலுமாறு உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பில் கூறியது. அதற்குள் கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் அலைந்த இளைஞர்கள் பட்ட பாடு கரையெங்கும் பாடமாகிவிட்டது. முதல் தகவல் அறிக்கையில் ஒரு பெயர் ஏறினால் அரசு வேலைக் கனவு முடிந்தது என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். போராட்டம் கைமாறாமல் தடுக்க அரசுக்குத் தடியடி தேவையில்லை. பிள்ளையின் எதிர்காலத்தின்மீது ஒரு வழக்கு எண் போதும்.

ஆனாலும் அச்சம் முழுதாக வென்றுவிடுவதில்லை. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்கள் மீது தடியடி நடந்தபோது, ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது நடுக்குப்பம். அதற்காக அந்த ஊர் பட்ட அடியும், அதன் மீன் சந்தை எரிந்ததும் பதிவானவை. 1985-இன் துப்பாக்கிச்சூட்டைக் கண்ட அதே கரை அது. பிறர் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கவேண்டும் என்று அங்கே யாரும் அன்றைக்குப் புதிதாகக் கற்றிருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

பழவேற்காடு நமக்குத் தரும் பாடம் இதுதான். வீரமான பெற்றோர் இருப்பதால் மட்டும் வீரமான பிள்ளைகள் வருவதில்லை. பிழைப்பும், கூடும் இடமும், அடுத்தவரின் துணையும் சேர்ந்து இருக்கும்போதுதான் வருகிறார்கள். ஏரி இருக்கும்வரைதான் பாடு. பாடு இருக்கும்வரைதான் கூடிப் பேச ஒரு காரணம். ஏரியை அழிக்கும் திட்டம் மீனை மட்டுமல்ல, கேள்வி கேட்கும் தலைமுறையையும் சேர்த்தே அழிக்கிறது. இடப்பெயர்வின் இழப்பீட்டுக் கணக்கில் இந்த இழப்புக்கு ஒரு பத்திகூடக் கிடையாது.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. முகத்துவாரத்தைத் திறந்து வைக்கவேண்டும். திட்ட அறிக்கைகளை முழுமையாகத் தமிழில், கருத்துக்கேட்புக்குப் பல வாரங்கள் முன்னரே ஊர்களுக்குத் தரவேண்டும். அறவழியில் போராடியவர்கள் மீதுள்ள வழக்குகளைத் திரும்பப்பெற வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது விரிவாக்கத்தை அனுமதிக்கமாட்டோம் என்று தி.மு.க. கொடுத்த வாக்குறுதி இந்த ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் நினைவிருக்கிறது.

ஊர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் மகன்கள் வரக்கூடிய நாளில் கூட்டம் போடுங்கள். மகள்களை வட்டத்துக்குள் உட்கார வையுங்கள். பறி பிடிக்கும் குடும்பங்களோடு ஏரியைப் பற்றிப் பேசுங்கள். அடுத்த கருத்துக்கேட்பு அறிவிப்பு எப்போது வந்தாலும், அந்த மேடையின் முன் நிற்கப்போகிறவர்கள் இவர்கள் எல்லோரும்தான்.